‘எவ்வுள்?’ என்று கேட்ட பெருமாளும் ஒற்றை அறைக் கோடையும்

சித்திரை பிறந்து பத்துப் பதினைந்து நாட்கள் கழிந்ததும், சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே புறப்படும் புறநகர் ரயில்களின் தோற்றமே மாறிவிடுகிறது. ஆண்டு முழுவதும் சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாகத் தொழிலாளர்கள் நிறைந்திருக்கும் பெட்டிகளில், துணி சுற்றிய ஊறுகாய் ஜாடியும் மஞ்சள் பையுமாக முதியவர்கள் அமர்ந்திருப்பார்கள். மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று நிலையங்கள் கடந்துபோக, ஒவ்வொன்றிலும் ‘இதுதானா, இதுதானா’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டே வருவார்கள். அவர்கள் இறங்க வேண்டிய ஊர் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் மகனோ மருமகளோ வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. விடுமுறை என்றால் பிள்ளைகள் பாட்டி ஊருக்குப் போவார்கள். கிணற்றடி, மாந்தோப்பு, அம்மன் கோயில் கூழ் வார்த்தல், திண்ணையில் உறக்கம் என்று ஒன்றரை மாதம் கழிந்துவிடும். இன்றும் அப்படிப் போகிற பிள்ளைகள் உண்டு. ஆனால் தொழிற்சாலை வேலைக்கு மே மாத விடுமுறை என்று ஒன்று கிடையாது. காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி என்று மூன்று ஷிஃப்டுகளாக நாள் பிரிந்துகிடக்கும் இடத்தில், பிள்ளையைக் கொண்டுபோய் விடவும் திரும்ப அழைத்துவரவும் இரண்டு நாள் விடுப்புக் கிடைப்பதே அரிது. ஆகவே பிள்ளை ஊருக்குப் போவதற்குப் பதிலாகப் பாட்டி ஊரைவிட்டு வருகிறாள்.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு லைன் வீட்டு வரிசையில் மே மாதத்துக் காலைப்பொழுதில் நின்று கேட்டால், ஒரே சுவருக்கு இப்புறம் ‘ஆயா’ என்றும் அப்புறம் ‘அப்பத்தா’ என்றும், நாலாவது வீட்டில் ‘ஆச்சி’ என்றும் அழைக்கும் குரல்கள் வரும். ஆந்திர எல்லை அருகில் இருப்பதால் தெலுங்கில் கூப்பிடும் குரலும் கலந்திருக்கும். தமிழ்நாட்டின் எல்லாப் பாட்டிகளும் ஒரு தெருவில் கூடியதுபோல இருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் முதல் இரவிலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. யார் எங்கே படுப்பது?

ஒரே அறை, அதை ஒட்டிச் சிறு சமையலிடம். இருக்கிற ஒரு கட்டிலைப் பெரியவருக்குக் கொடுப்பதா, இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வந்து உறங்க வேண்டிய மகனுக்கு விடுவதா? மின்விசிறிக்கு நேர்கீழான இடம் குழந்தைக்கு. சமையலிடத்தில் பாய் விரித்தால் விடியற்காலையில் எழுந்து சமைக்க வேண்டிய மருமகளுக்கு நடக்க வழியில்லை. ‘நான் வாசலிலேயே காற்றாடப் படுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லிவிடுவது பெரும்பாலும் தாத்தாதான். காற்று வருகிறதோ இல்லையோ, கொசு வரும்.

இந்தக் கேள்வியைத் தன் பெயராகவே தாங்கி நிற்கும் திருத்தலம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது. கும்மிடிப்பூண்டி அதன் வடகோடி வட்டம். மாவட்டம் ஒன்று என்றாலும் ரயில் பாதை வேறு. கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்குப் போக வேண்டுமானால் சென்ட்ரல் வரை வந்து அரக்கோணம் தடத்தில் மாற வேண்டும். அல்லது பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் போக வேண்டும். வெயிலைப் பொருட்படுத்தாமல் பேரனைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போகிற தாத்தாக்கள் இருக்கிறார்கள், குறிப்பாக அமாவாசை நாட்களில்.

திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம். அகோபில மடத்தின் நிர்வாகத்தில் உள்ளது. தாயாரின் திருநாமம் கனகவல்லி. ஊரின் பழம்பெயர் திருஎவ்வுள். அப்பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணத்தைப் பாட்டிமார் பலமுறை கேட்டிருப்பார்கள். ஆயினும் ஒற்றை அறையில் பத்து நாள் தங்கிவிட்டு வந்து கேட்டால் அந்தக் கதை வேறு விதமாகக் காதில் விழுகிறது.

சாலிஹோத்ரர் என்ற முனிவர் இங்குள்ள தீர்த்தக்கரையில் ஓராண்டு உபவாசம் இருந்து தவம் செய்தார். தை அமாவாசையன்று நோன்பை நிறைவு செய்வதற்காகச் சிறிது அரிசி சேர்த்து, மாவாக்கிப் பெருமாளுக்குப் படைத்து, அதிதிக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார். முதியவர் ஒருவர் பசியோடு வந்தார். கொடுத்த பங்கை உண்டார், பசி அடங்கவில்லை. முனிவர் தமது பங்கையும் கொடுத்தார். முதியவர் உண்டுவிட்டுப் போய்விட்டார். முனிவர் மறுபடியும் ஓராண்டு பட்டினி கிடந்தார். அடுத்த தை அமாவாசையிலும் அதே முதியவர் வந்தார். அதேபோல் அனைத்தையும் உண்டார். இம்முறை அவர் போகவில்லை. களைப்பாக இருக்கிறது, படுப்பதற்கு எவ்வுள் என்று கேட்டார். எந்த இடம், எந்த உள் என்பது பொருள். முனிவர் தம்முடைய குடிசையைக் காட்டினார். உள்ளே போய்ப் படுத்தவர் ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்ட பெருமாளாகக் காட்சி தந்தார். ‘எந்த வீடு’ என்ற பொருள்படவே வடமொழியிலும் பெருமாளுக்குக் கிங்கிருஹேசன் என்ற திருநாமம் வழங்குகிறது.

புராணங்களில் தெய்வம் மாறுவேடத்தில் வந்து சோறு கேட்பது புதிதன்று. இங்கே அவர் சோற்றோடு நிற்கவில்லை. படுக்க இடமும் கேட்டார். ஒருவேளை உணவு கொடுத்து அனுப்புவது எளிது. தான் படுக்கும் இடத்தைக் காட்டி, ‘இதோ’ என்று சொல்வதற்கு வேறொரு மனம் வேண்டும். முனிவர் மாளிகை எதையும் கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இருந்தது ஒரு குடிசை, அதைக் காட்டினார். கருவறையில் பெருமாளின் வலக்கரம் அந்த முனிவரின் தலைமேல் இருக்கிறது. நாபிக் கமலத்தில் எழுந்த பிரம்மாவுக்கு இடக்கரம் உபதேசம் செய்கிறது. படுத்த நிலையிலேயே ஒரு கை வீட்டுக்காரரை ஆசீர்வதிக்க, இன்னொரு கை பிள்ளைக்குப் பாடம் சொல்கிறது. மூட்டு வலியோடு பாயில் கிடந்தபடி பேரனுக்கு வாய்பாடு சொல்லித்தரும் தாத்தாமாருக்கு இதைவிட நெருக்கமான திருக்கோலம் வேறு இராது.

குழந்தைகளின் கவனம் கருவறையைவிடத் திருக்குளத்தில்தான். ஹிருத்தாபநாசினி என்பது அதன் பெயர்; மனத்தின் தாபத்தைத் தீர்ப்பது. நோய் தீர வேண்டி அதில் வெல்லம் கரைப்பது வழக்கம். வெல்லம் கரைவதுபோல வினையும் கரையும் என்பது நம்பிக்கை. அதனாலேயே பெருமாளை வைத்திய வீரராகவர் என்று அழைக்கிறார்கள். உருண்டையை விட்டெறியாமல், நீருக்குள் கையை அமிழ்த்தி அது கரையும்வரை பிடித்திருக்கச் சொன்னால், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் நில்லாத பிள்ளையும் அசையாமல் நிற்கும். பக்கத்திலேயே அமாவாசைத் தர்ப்பணம் நடக்கும். ‘யாருக்குத் தாத்தா தண்ணீர் விடுகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி வரும். ‘என் அப்பாவுக்கு.’ ‘அவர் எங்கே படித்தார்?’ அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு ஓயாது. பள்ளிக்கே போகாமல் மாடு மேய்த்தவர், ஆனால் கணக்கில் புலி என்பது போன்ற செய்திகள் ஒரு குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்வது இப்படித்தான். சித்திரையில் இங்கே பிரம்மோற்சவமும் நடைபெறுகிறது. தேரோட்டம் பார்க்க விடுமுறையும் வாய்க்கிறது.

எல்லா நாளும் திருவள்ளூருக்குப் போக முடியாது. அன்றாடம் என்பது வேறு. இரவு ஷிஃப்ட் முடித்து வந்த மகன் பகலில் உறங்க வேண்டும்; ஏழு வயதுப் பிள்ளை பகலில் கத்த வேண்டும். இரண்டும் ஒரே அறையில் நடவாது. ஆகவே காலை 7 மணிக்கே பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி அருகிலுள்ள கோயிலுக்குப் புறப்படுகிறாள். பூத்தொடுப்பது, பிராகாரத்தைப் பெருக்குவது, தூணில் உள்ள சிற்பங்களை எண்ணுவது, வாகன மண்டபத்தில் யாளிக்குப் பல் எத்தனை என்று பார்ப்பது எல்லாம் முடிந்து உச்சிக்கால பூஜையும் ஆகிவிடும். பிறகு நடை சாத்திவிடுவார்கள். பெரும்பாலான கோயில்களில் மாலை 4 மணிக்குத்தான் மீண்டும் திறப்பு. அந்த நாலு மணி நேரந்தான் கோடை விடுமுறையின் கடினமான பகுதி. அக்கினி நட்சத்திர நாட்களில் வெளியேயும் நிற்க முடியாது.

வீட்டுக்குள் சத்தமின்றி நேரத்தைக் கடத்தும் கலையில் பாட்டிமார் கைதேர்ந்தவர்கள். பல்லாங்குழியில் சோழி விழும் ஓசை கேட்காமலிருக்கக் குழிகளில் பழைய துணியை விரிக்கிறார்கள். தாயக்கட்டையை உருட்டினால் ஓசை எழும் என்பதால் புளியங்கொட்டையை உரசி எடுத்துப் போடுகிறார்கள். பிரகலாதன் கதையைக் கிசுகிசுப்பாகவே சொல்கிறார்கள். தூண் பிளக்கும் கட்டத்தையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு அப்போதுதான் பயம் அதிகமாகிறதாம்! இந்த நேரத்தில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டுக் கண்ணயர்ந்தால் பாட்டியைக் குறை சொல்லவும் முடியாது. அறுபத்தைந்து வயதில் பகல் முழுவதும் ஒரு குழந்தையின் பின்னால் ஓடுவது விரதத்தைவிடக் கடினம். குறையாகச் சொல்ல வேண்டுமானால் ஒன்று உண்டு. குழந்தை ஒரு பாசுரத்தையோ திருப்புகழையோ கற்றுக்கொண்ட மறுநாளே அதை உறவினர் எல்லோருக்கும் படம் பிடித்து அனுப்பும் வழக்கம். அடுத்த முறை அந்தப் பிள்ளை பெருமாளைப் பார்த்துப் பாடாது. கைப்பேசியைப் பார்த்துத்தான் பாடும்.

செவ்வாய்க்கிழமை வந்தால் போக வேண்டிய இடம் எது என்று யாரும் யோசிப்பதில்லை. சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து மேற்கே பிரியும் சாலையில், சின்னம்பேடு என்ற சிறுவாபுரியில் பாலசுப்பிரமணியர் எழுந்தருளியிருக்கிறார். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். இங்குள்ள மரகத மயில் சிறப்புடையது. இராமபிரானின் படையோடு லவ, குசர்களாகிய சிறுவர்கள் போர் புரிந்த இடம் என்பதால் இப்பெயர் என்பார்கள். சிறுவர்கள் பெரியவர்களை வென்ற ஊர் என்று சொல்லிவிட்டால் எந்தப் பிள்ளையும் வர மறுக்காது. ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வந்து வழிபட்டால் சொந்த வீடு அமையும் என்ற நம்பிக்கையே இன்று இத்தலத்தில் கூட்டம் அலைமோதக் காரணம். தொழிற்பேட்டையின் வாடகை வீடுகளிலிருந்து வருகிறவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

பள்ளியின் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஆறு வாரந்தான். ஏப்ரல் கடைசிச் செவ்வாயில் தொடங்கினால் பள்ளி திறக்கும் வாரத்துக்குள் ஆறும் நிறைந்துவிடும். நாட்காட்டியில் பேத்தி வட்டமிட்டுக்கொண்டு வருவாள். அவள் கேட்கும் வீட்டில் ஊஞ்சல் இருக்க வேண்டும். மருமகள் கேட்கும் வீட்டில் தனியே ஒரு சமையலறை. பாட்டி என்ன வேண்டிக்கொள்கிறாள் என்பதை யாரும் கேட்பதில்லை. கட்டப்போகும் வீட்டின் படத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துவரும் பிள்ளைகளுண்டு. அதில் ‘பாட்டி ரூம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கும் பாட்டிகளும் உண்டு.

இந்த வட்டாரத்துக்குத் தாய்வீடு தேடி வந்த பிள்ளைகளில் ஒருவர் உலகம் அறிந்தவர். பொன்னேரியை அடுத்த சின்னக்காவணம், இராமலிங்க சுவாமிகளின் தாயார் சின்னம்மையார் பிறந்த ஊர். 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் மருதூரில் பிறந்த இராமலிங்கர், கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். ஐந்து பிள்ளைகளோடு தாயார் வந்து சேர்ந்த இடம் இந்தச் சின்னக்காவணந்தான். பின்னர் குடும்பம் சென்னையில் ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் குடியேறியது. புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்த மூத்த தமையனார் சபாபதி, தம்பியைப் படிக்க வைக்கப் படாத பாடு பட்டார். தாமே கற்பித்துப் பார்த்தார். காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். பிள்ளையோ பாடத்தை விட்டுவிட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய்விடும். கோபத்தில் தமையனார் சோறு போடக்கூடாது என்றார். அண்ணியார் பின்வாசல் வழியாக அழைத்து ஊட்டினார். ஒருநாள் அண்ணியார் கண்கலங்கிக் கேட்டுக்கொண்டதும், படிக்க இசைந்தார் பிள்ளை. கேட்டது ஒன்றுதான்: தனியே ஓர் அறை. மாடியறை கிடைத்தது. அங்கே சுவரில் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, விளக்கேற்றி, அதையே பார்த்து அமர்ந்திருந்தபோது திருத்தணிகை முருகன் கண்ணாடிக்குள் காட்சி தந்தான் என்பது வள்ளலாரின் வரலாறு. அப்போது அவருக்கு வயது ஒன்பது. எவ்வுளூர் வீரராகவரையும் அவர் பின்னாளில் பாடியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று ஜூன் மாதத்தில் அழுகிற பிள்ளையைப் பார்த்து, ‘நீ என்ன வள்ளலாரா?’ என்று கேலி செய்வதுண்டு. கேலி தேவையில்லை. அண்ணியார் செய்ததைத்தான் பல வீடுகளில் பாட்டிகள் செய்கிறார்கள். கோபித்துக்கொள்ளத் தகப்பனுக்கு உரிமை உண்டு. அவனுக்குத் தெரியாமல் ஊட்டிவிட ஒருவர் இருப்பதனால்தான் அந்தக் கோபமும் வீட்டைக் கெடுக்காமல் இருக்கிறது. சித்திரை மாதத்தில் பொன்னேரி வழியாகப் போகிறவர்கள், ஆயர்பாடி கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீஸ்வரரும் வீதியில் சந்திக்கும் ஹரிஹரன் திருவிழாவையும் தரிசித்துப் போகலாம். கருட சேவையன்று அந்தச் சந்திப்பு. இரண்டு வீட்டுத் தாத்தாக்கள் பேரனுக்காக ஒரே தெருவில் கூடியதுபோல் இருக்கும் அந்தக் காட்சி.

விடுமுறையே இல்லாத பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வேலைக்கு வருகிறவர்கள் மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புகிறார்கள். மற்றப் பிள்ளைகள் விளையாடும் மே மாதம் அவர்களுக்குச் சூளையருகே கழிகிறது. கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு அம்மம்மாவும் அப்பம்மாவும் கடலுக்கு அப்பால். மே மாதத்தில் கோயில் மண்டபத்தில் பேத்திக்குக் கதை சொல்லும் பாட்டியைச் சுற்றி இன்னும் நாலு பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், யார் வீட்டுப் பிள்ளை என்று அவள் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதே நல்லது.

வைகாசி விசாகம் நெருங்கும்போது வீட்டின் பேச்சு மாறுகிறது. சீருடை சென்ற ஆண்டுடையது குட்டையாகிவிட்டது. புதிதாகத் தைப்பதை இரண்டு விரல் நீளமாகத் தைக்கச் சொல்லி, உள்பக்கம் மடித்து அடித்தால் அடுத்த ஆண்டும் ஆகும். அரசுப் பள்ளியானால் பாடநூலும் சீருடையும் பையும் விலையின்றிக் கிடைக்கின்றன. தனியார் பள்ளியானால் அந்த மாதச் சம்பளமும் மிகைநேரப் பணமும் கட்டணத்துக்கே போகும். தாத்தா இடுப்பு முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சில நூறு ரூபாயை மகன் வாங்கிக்கொள்ளக் கூசுவான். புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போடும் வேலை தாத்தாவுடையது. மூலையை மடிக்கும் விதத்தை அவர் எழுபது ஆண்டுகளாக மாற்றிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். திருவள்ளூர்ப் பெருமாள் சந்நிதியிலோ சிறுவாபுரியிலோ வைத்து எடுத்த பேனா ஒன்று அதில் முதல் எழுத்தை எழுதும்.

ஊருக்குத் திரும்பும் தேதி பள்ளி திறக்கும் தேதியோடு கட்டப்பட்டது. அந்தத் தேதியோ வெயிலின் கையில் இருக்கிறது. 2023-இல் ஜூன் முதல் நாள் என்றிருந்தது தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 12-ஆம் தேதியும், தொடக்கப் பள்ளிகளுக்கு 14-ஆம் தேதியும் ஆயிற்று. 2024-இல் 6-ஆம் தேதி 10-ஆம் தேதியானது. முன்பதிவு செய்த ரயில் சீட்டை ரத்து செய்துவிட்டுத் தங்க நேர்ந்த பாட்டிகளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்திருக்கும். உண்மையில் பள்ளி திறக்கும் நாளுக்கு முன்பே கிளம்பிவிடுவது சரியான முறையன்று. புது வகுப்பு, புது ஆசிரியை, பக்கத்தில் புதுப் பிள்ளை என்று முதல் வாரத்தில் குழந்தை கொண்டுவரும் செய்திகளைக் கேட்க, மாலை 4 மணிக்கு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு ஷிஃப்டுக்கான உறக்கமும் நடந்துகொண்டிருக்கும்.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு கிடைப்பதால் விடியற்காலைப் பரபரப்பு ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனாலும் சாப்பிட்டாயா என்று கேட்கும் வேலையை எந்தத் திட்டமும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. ‘பாட்டி, நீ இங்கேயே இருந்துவிடேன்’ என்று கடைசி இரவில் குழந்தை சொல்லும்போது வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை. ஊரில் தாத்தாவுக்குத் துணை யார், பூட்டிய வீட்டுக்கு விளக்கேற்றுவது யார் என்ற கேள்விகள் ஒரு பக்கம். இந்த அறையில் இன்னொரு பாய்க்கு நிரந்தரமாக இடம் உண்டா என்ற கேள்வி இன்னொரு பக்கம். மருமகள் வாய் திறந்து ‘இருங்களேன் அத்தை’ என்று சொல்லிவிடும் வீடுகள் உண்டு. மகனைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பாத்திரத்தைத் துலக்கப் போய்விடும் வீடுகளும் உண்டு. அப்படிப் போகிறவள் மனமில்லாதவள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வாடகை எவ்வளவு, தண்ணீர் எத்தனை குடம் என்ற கணக்கு அவளுக்குத்தான் தெரியும்.

ஆடி பிறந்ததும் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு வேப்பிலை ஆடை நேர்த்திக்கடனும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக் காவடியும், ஆடி அமாவாசைக்கு எவ்வுள் தீர்த்தமும் வந்துவிடும். அமாவாசை என்றைக்கு, அது பள்ளி நாளா ஞாயிற்றுக்கிழமையா என்று நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டிகள் இப்போதெல்லாம் பெட்டியைக் கட்டுகிறார்கள். கொண்டுவந்த பாயைச் சுருட்டி எடுத்துப்போகாமல் பரண்மேல் வைத்துவிட்டுப் போவதும் உண்டு.